முதுகுக்குப் பின்னால் யார்க்கோ

யார்க்கோ ஹைக்கோலாவுக்கு நல்ல குரல். பாடுகிற குரல் என்று நினைத்துவிட வேண்டாம். தேவாலயத்தில் அவர் வாயைத் திறந்தால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் சுவோலம்பி பனி அரங்கில் ஊரே கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கூச்சலைத் தாண்டி, யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அந்த ஒரு ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஒத்ஸோ ஹாக்கி அணியில் அவரை இத்தனை வருடம் வைத்திருந்தது அந்தக் குரல்தான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கொடுமையான பேச்சு. பொய் என்று சொல்லவும் முடியவில்லை.

ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரனின் வேலை பெரும்பாலும் முதுகைக் காட்டுகிற வேலை. எதிரணி அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை நம் பக்கத்து மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்திக்கொண்டு வரும். அதை எடுக்க இவன் பலகைச் சுவரைப் பார்த்து ஓட வேண்டும். பின்னால் எவன், எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கமாக வருகிறான் என்று இவனுக்குத் தெரியாது. கூட ஆடுகிற ஜோடிக்குத் தெரியும். அவன் கத்த வேண்டும். "முதுகு!" என்றால் ஆள் மேலே விழப்போகிறான், உடம்பைக் காப்பாற்றிக்கொள். "நேரம்!" என்றால் யாரும் இல்லை, நிதானமாகத் திரும்பு.

யார்க்கோ இந்த இரண்டாவது சொல்லைச் சொல்வதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு விதி வைத்திருந்தார். புதிதாக யார் ஜோடியாக வந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "ஆள் வந்தா கத்துவேன். கத்தலேன்னா ஒருத்தனும் இல்லேன்னு அர்த்தம். நீ திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்காதே." திரும்பிப் பார்ப்பதில் ஒரு கணம் போய்விடும், அந்த ஒரு கணத்தை அவர் தன் ஜோடிக்குச் சம்பாதித்துக் கொடுத்தார். அவருடன் ஆடிய யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. யாரும் பின்னாலிருந்து அடிபட்டதும் இல்லை.

காகித ஆலைத் தொழிலாளியின் மகன் அவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த திறந்தவெளிப் பனியில் ஒன்றாக ஆடியவர்கள் எல்லாம் ஆலைக்குப் போனார்கள், இவர் மட்டும் ஒத்ஸோவுக்கு வந்தார். அவர் கோல் போட்ட ஆட்டங்களை மனைவி விர்பி ஒரு கை விரல்களில் எண்ணிக் காட்டிவிடுவாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அவர் பெயர் போட்ட சட்டையை அரங்கத்துக் கடையில் வாங்கிய ஒரே ஆள் அவர் மாமியார் என்று ஒரு பேச்சு உண்டு. இதற்கெல்லாம் அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பின்னால் பார்க்காமல் ஓடுகிற ஒருவன் தன்மேல் வைக்கிற நம்பிக்கை அவரிடம் இருந்தது. அது போதும் என்று இருந்தார், நீலோ வரும்வரை.

நீலோ பெசலாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. வடக்கே, பள்ளிப் பேருந்து தவிர வேறு வண்டி போகாத ஒரு ஊரிலிருந்து வந்தவன். அவன் ஆட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. கோலுக்கு முன்னால் ஆளை விட்டுவிடுவான். களைத்துப்போனால் மட்டையை ஒரு கையால் பிடிப்பான். ஆனால் வட்டு அவனிடம் போய்ச் சேர்ந்ததும் மற்றவர்கள் எல்லாரும் கொஞ்சம் மெதுவாகிவிட்டது போலிருக்கும். அவசரம் என்பது மற்றவர்களுக்கு உரியது என்பது போல் தலையை நிமிர்த்தி, ஒரு இடைவெளி உண்டாகும்வரை காத்திருந்து, அதற்குள் வட்டை அனுப்புவான். பத்திரிகைகள் அவனை 'நாளைய ஆட்டக்காரன்' என்று எழுதின. யார்க்கோ செய்து முடித்தவர், நீலோ செய்யப் போகிறவன். ஊர் எப்போதும் செய்யப் போகிறவன் பக்கம்தான். அதுவரை செய்தது எவ்வளவு என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

பயிற்சியாளர் துவோமோ இருவரையும் ஜோடி சேர்த்தார். முதல் நாள் உடைமாற்றும் அறையில் யார்க்கோ தன் விதியைச் சொன்னார். நீலோ ஸ்கேட்டின் கயிற்றை இறுக்கிக்கொண்டே, கறுப்பு உப்பு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டான்.

"நீ கத்தலேன்னா யாரும் இல்ல. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு தாத்தா. எனக்குத் திரும்பிப் பாக்கறதுன்னாலே சோம்பல்."

"யாருடா தாத்தா? எனக்கு முப்பத்திநாலுதான் ஆகுது."

எதிர் பெஞ்சில் கால்காப்பு கட்டிக்கொண்டிருந்த கோல்கீப்பர் ஓஸ்ஸி நிமிராமலே சொன்னார்: "குதிரையா இருந்தா எப்பவோ செத்திருப்பே."

எல்லாரும் சிரித்தார்கள். யார்க்கோவும் சிரித்தார்.

பொறாமை அன்று வரவில்லை. அது வந்த விதம் அவருக்கே சரியாகத் தெரியாது. திறமையைப் பார்த்து வந்திருந்தால் புரிந்துகொண்டிருக்கலாம். தன்னைவிடத் திறமைசாலிகளோடு அவர் எத்தனையோ வருடம் ஆடியவர். இது சின்னச் சின்ன விஷயங்களைப் பிடித்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விர்பி அவனைச் சாப்பிடக் கூப்பிடுவாள். அவன் உருளைக்கிழங்கைத் தோலோடு விழுங்கிவிட்டு, சோபாவில் சாய்ந்து, பேச்சின் நடுவிலேயே தூங்கிவிடுவான். மறுநாள் ஆட்டம் இருக்கும். ஆட்டத்துக்கு முன் யார்க்கோ வாழ்நாளில் நன்றாகத் தூங்கியதில்லை.

"பாரேன், எப்படித் தூங்கறான்," என்பாள் விர்பி, அவன் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டே.

"பாக்கறேன்," என்பார் யார்க்கோ.

"கொழந்த மாதிரி."

"கொழந்தைக்கு யாரும் அவ்வளவு பெரிய தட்டுல சாப்பாடு போட மாட்டாங்க."

"ஏன், உனக்குக் கொறஞ்சு போச்சா?"

குறைந்து போயிருந்தது. ஆனால் குறைந்தது சாப்பாடு இல்லை.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அணியிலும், போட்ட கோலுக்கும் கோலுக்கு வழிசெய்து கொடுத்ததற்கும் சேர்த்து அதிகப் புள்ளி எடுத்தவன் தங்க நிறத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். சாதாரணமாக அது கோல் போடும் முன்கள ஆட்டக்காரர்களுக்குப் போகும். தடுப்பாட்டக்காரன் தலையில் அதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காலை யார்க்கோ உள்ளே வந்தபோது, தன் கொக்கிக்குப் பக்கத்தில், நீலோவின் கொக்கியில் அது தொங்கியது. அவருடைய வெள்ளைக் கவசம் அதன் பக்கத்தில், கீறலும் கறுப்புத் தடமுமாக, கழுவாத பாத்திரம் போலத் தெரிந்தது. நீலோ அதைப் பார்த்துவிட்டு, "அய்யோ, மஞ்சளா? எனக்கு மஞ்சளே பிடிக்காதே," என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை. யார்க்கோவுக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். அவன் பெருமைப்பட்டிருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

பெட்ரோல் நிலையத்துக் காபிக் கடையில் ஆலைக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"வா வா யார்க்கோ! அந்தத் தங்கத் தலைக்குப் பக்கத்துல ஒருத்தன் ஓடறானே, யாருப்பா அது?"

"டிரைவரா இருக்கும்," என்றான் இன்னொருவன்.

"நீங்க டிக்கெட் வாங்கி வந்து பாக்கறது டிரைவரையா? நல்ல காசு உங்ககிட்ட," என்றார் யார்க்கோ. பேச்சில் அவரை மடக்க முடியாது. ஆனால் எப்போதும் வாங்கும் ஏலக்காய் ரொட்டியை அன்று பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரியில் துவோமோ அவரைக் கூப்பிட்டுப் பேசினார். வசந்தத்தோடு ஒப்பந்தம் முடிகிறது.

"ஒளிக்காமச் சொல்றேன் யார்க்கோ. உன் கால் போயிடுச்சு."

"எனக்கும் தெரியும்."

"ஆனா பையனுக்கு உன் குரல் வேணும். அவன் திரும்பிப் பாக்கற வழக்கமே இல்லாதவன். நீ பின்னால இருக்கற வரைக்கும் அவன் ராஜா. அவன் இங்க இருக்கற வரைக்கும் உனக்கு இடம் இருக்கு. அவன் முதுகுதான் உன் வேலை."

நல்ல செய்திதான். அணியில் இன்னொரு வருடம். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது விர்பி அவரைக் கட்டிக்கொண்டாள். அவரோ அந்த ஒரு வாக்கியத்தையே மனதில் அரைத்துக்கொண்டிருந்தார். அவன் முதுகுதான் உன் வேலை. இத்தனை வருடம் தன் குரல் தன்னுடையது என்று நினைத்திருந்தார். இப்போது அது இன்னொருவனின் உடம்பில் ஒரு உறுப்பு என்று ஆகிவிட்டது.

பிப்ரவரியில் அந்த ஆட்டம். அமெரிக்காவிலிருந்து ஆள் தேர்ந்தெடுக்க ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர், தடித்த கோட்டுக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன் நடைவழியில் யார்க்கோவை நிறுத்திக் கைகுலுக்கினார்.

"நீங்கதானே அவனோட ஜோடி? பையன் எப்படி?"

"நல்லா ஆடுவான்."

"கொறைன்னு பாத்தா?"

"திரும்பிப் பாக்க மாட்டான்."

"அதுக்கு என்ன காரணம்?"

"நான்தான்," என்றார் யார்க்கோ.

வந்தவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, முதுகில் தட்டிவிட்டுப் போனார். யார்க்கோவின் பெயரைக் கேட்கவில்லை.

இரண்டாம் பகுதி ஆட்டத்தின் நடுவில் எதிரணி வட்டை மூலைக்கு அடித்தது. நீலோ அதை நோக்கிப் போனான், வழக்கம்போல் அவசரமில்லாமல். எதிரணியின் கனத்த ஆட்டக்காரன் ஒருவன் நடுக்கோட்டிலிருந்தே வேகம் பிடித்து வந்தான். தங்கக் கவசம் எவன் கண்ணுக்கும் தப்பாது. அதைக் குறிபார்த்தேதான் வந்தான். யார்க்கோ பார்த்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை.

பின்னாளில் சவுனா நீராவிக் குளியலில் எங்களிடம் அவரே இதைச் சொன்னபோது, நினைத்துச் செய்ததாகவும் சொல்லவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டதாகவும் சொல்லவில்லை. அந்தத் தலை ரொம்பவும் நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது என்றார். அவன் போனால் தன் இடமும் போகும் என்று அவருக்குத் தெரியும். பொறாமை லாபம் பார்த்து வருவதில்லை. வந்த வீட்டையும் சேர்த்தே இடிக்கும்.

ஒன்றைச் செய்யாமல் இருப்பதும் ஒரு செயல்தானா என்று யோசித்து யோசித்துத் தலை நரைத்தவர்கள் உண்டு. யார்க்கோ விஷயத்தில் அந்தச் சிரமம் இல்லை. தன் மௌனத்துக்கு அவரே பொருள் வைத்திருந்தார். வேறு எவன் சும்மா இருந்தாலும் அது வெறுமனே சும்மா இருப்பது. அவர் சும்மா இருந்தால் 'ஒருத்தனும் இல்லை' என்று சொல்கிறார். அன்று அவர் சொன்னது பொய்.

பலகைச் சுவர் அதிர்ந்த சத்தம் மேல் வரிசைவரை கேட்டது. தங்கக் கவசம் கழன்று பனியில் சுற்றிக்கொண்டே போய் கோல் கம்பத்தில் இடித்து நின்றது. நீலோ இடது தோளைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்திருந்தான். காறை எலும்பு முறிந்திருந்தது. அதற்குள் யார்க்கோ பறந்துபோய் அந்தக் கனத்தவனின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்போது வந்தது குரல். என்ன கத்தினார் என்று யாருக்கும் புரியவில்லை. நடுவர்கள் இழுத்துப் பிரித்துத் தண்டனைப் பெட்டிக்கு அனுப்பியபோது அரங்கம் எழுந்து நின்றது. "யார்க்கோ! யார்க்கோ!" என்று ஊர் முதல்முறையாக அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. பெட்டிக்குள் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பாவம், பையனுக்காக அழுகிறார் என்றார்கள்.

"திரும்பிப் பாக்கணும், வேற என்ன," என்றார் துவோமோ ஆட்டம் முடிந்ததும். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். நீலோவும் பத்திரிகைக்காரர்களிடம் அதையே சொன்னான்: "தப்பு என்னோடதுதான். பாக்கல."

ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை, கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் அரங்கத்து உணவறைக்கு வந்தான். பட்டாணி சூப் தீர்ந்துபோய் எல்லாரும் எழுந்து போயிருந்தார்கள். யார்க்கோ மட்டும் சூப்புக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகுச் சாந்தை வழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் எதிரில் உட்கார்ந்து மிட்டாய்ப் பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"இதைக் கொஞ்சம் பிரி. ஒத்தக் கையால முடியல."

யார்க்கோ பிரித்துக் கொடுத்தார். அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"சுவருக்கு மேல கண்ணாடி இருக்குல்ல," என்றான்.

"இருக்கு."

"அதுல உன் முகம் தெரிஞ்சுது. வாய் தெறந்திருந்தது."

யார்க்கோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏதோ வருதுன்னு நெனச்சேன். காத்திருந்தேன். வரல. சரி, ஆளு வழுக்கி விழுந்திருப்பான், இல்லேன்னா தாத்தா கத்தியிருப்பாரேன்னு நெனச்சேன்."

"அவன் விழல."

"அது தெரிஞ்சுது," என்றான் நீலோ, தோளைக் காட்டி. பிறகு, "பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

யார்க்கோ கரண்டியை மறுபடி எடுத்துக் காலித் தட்டை வழித்தார். அவன் கொஞ்ச நேரம் மிட்டாயை மென்றான்.

"அந்த மஞ்சத் தொப்பியா?"

"தெரியலடா."

"அதை உனக்கே குடுத்திருப்பேனே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாம்." அவன் குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிற பையனின் குழப்பம்தான் இருந்தது. "இனிமே நான் பாத்துக்கறேன். பொட்டலத்த மடிச்சு என் பாக்கெட்டுல வெச்சிடு."

யார்க்கோ மடித்து வைத்தார். அவன் எழுந்து போனான். இதைப் பற்றி யாரிடமும் அவன் பேசவில்லை; அதை நாங்கள் யார்க்கோவிடமிருந்துதான் அறிந்தோம்.

மார்ச் கடைசியில், இறுதிச் சுற்று ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, எலும்பு கூடி அவன் திரும்பி வந்தான். மறுபடியும் அதே ஜோடி. முதல் வட்டு மூலைக்குப் போனது. "முதுகு!" என்று யார்க்கோ கத்தினார், அரங்கத்தின் மறுகோடியில் சாசேஜ் விற்பவள்கூடத் திடுக்கிட்டிருப்பாள். அதற்கு முன்பே நீலோ தலையைத் திருப்பி இடது தோளுக்கு மேல் பார்த்துவிட்டான். அடுத்த முறை யார்க்கோ கத்தவில்லை, உண்மையிலேயே யாரும் இல்லை. அப்போதும் பார்த்தான். யார்க்கோ தன் விதியை விட்டுவிட்டு, வாழ்நாளில் சொல்லாத "நேரம்! நேரம்!" என்ற சொல்லைச் சொல்லிக் கத்தினார். அப்போதும் பார்த்தான். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. ஆரம்பத்தில் அந்த ஒரு கணம் அவனுக்கு நஷ்டமாயிற்று. இரண்டு தடவை வட்டைப் பறிகொடுத்தான். பிறகு, வட்டைச் சென்று சேர்வதற்கு முன்பே பார்த்துவிடக் கற்றுக்கொண்டான். அதன்பின் அவனிடம் சொல்வதற்குக் குறை என்று அதிகம் இல்லை.

துவோமோவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா யார்க்கோ? அடிபட்டது நல்லதுக்குத்தான். அது ஒண்ணுதானே அவன்கிட்ட இல்லாம இருந்தது!"

"ஆமா," என்றார் யார்க்கோ. தான் அவனுக்குச் செய்த கெடுதல்கூட அவனிடம் போய்ச் சேர்ந்ததும் நல்லதாக மாறிவிட்டது. தன்னுடைய நல்லதெல்லாம் தன்னிடமே கிடந்து கிழடாகிவிட்டது. உடைமாற்றும் அறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேட்டைக் கழற்றும்போது இதை நினைத்தாராம். வெட்கமும் பொறாமையும் ஒன்றையொன்று அணைத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அவருக்குள் இரண்டும் ஒரே வீட்டில் சௌகரியமாகக் குடியிருந்தன.

மே மாதம் அமெரிக்க அணி நீலோவை எடுத்துக்கொண்டது. அதே வாரம் துவோமோ யார்க்கோவிடம் மெதுவாகச் சொன்னார், அவனும் போகிறான், இனிமேல் யாருக்கும்... வாக்கியத்தை முடிக்க வேண்டியிருக்கவில்லை. விடைபெறும் நாளில் நீலோ வீட்டுக்கு வந்து விர்பியைக் கட்டிக்கொண்டான். யார்க்கோவிடம் கையை நீட்டினான்.

"வரேன் தாத்தா."

"பாத்துப் போ," என்றார் யார்க்கோ. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நீலோ லேசாகச் சிரித்தான்.

இப்போது யார்க்கோ மரக் கிடங்கில் வேலை செய்கிறார். தடி ஏற்றி வரும் லாரிகள் பின்பக்கமாக வரும்போது நடுவில் நின்று, "வா, வா, நிறுத்து!" என்று கத்துகிற வேலை. நன்றாகச் செய்கிறார். ஓட்டுநர்கள் கண்ணாடியைப் பார்ப்பதுகூட இல்லை என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சில சமயம் நீலோவின் ஆட்டத்தை டிவியில் காட்டுவார்கள். யார்க்கோ ஒன்றையும் விடுவதில்லை. அவன் கோல்களை அவர் பார்ப்பதில்லை. கோல் விழும்போது காபி ஊற்ற எழுந்து போவார். வட்டு மூலைக்குப் போகும்போதுதான் முன்னால் நகர்ந்து உட்காருவார். புது ஜோடி ஒருவன் பின்னால் வாயைத் திறந்து கத்துவது திரையில் தெரியும். நீலோ தலையைத் திருப்பிப் பார்ப்பான். யார்க்கோ சாய்ந்துகொள்வார்.

"என்ன, இவ்வளவு சந்தோஷம்?" என்பாள் விர்பி.

"அவனையும் நம்பல," என்பார்.

ஒரு குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போயிற்று. என்ன கெட்டாலும், தனக்குப் பிறகு யாருக்கும் அந்த முதுகு கிடைக்கவில்லை. அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். வட்டு மூலைக்குப் போனது. நீலோ போனான். அவன் இடப்பக்கமாக ஒருவன் வேகமெடுத்து வந்தான். யார்க்கோ நாற்காலியை விட்டு எழுந்து, வீடு அதிர, "முதுகு!" என்று கத்தினார். காபிக் கோப்பை சரிந்தது. திரையில் அந்தப் புது ஜோடியும் அதே கணம் வாயைத் திறந்தான். நீலோ திரும்பிப் பார்க்கவில்லை. தோளை மட்டும் ஒருமுறை மடக்கினான். வந்தவன் சுவரில் மோதி வழுக்கிப் போக, தலையை நிமிர்த்தி, அவசரமே இல்லாமல் வட்டை அனுப்பினான்.

விர்பி துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். "அவ்வளவு தூரம் அவனுக்குக் கேக்காதுப்பா," என்றாள் சிரித்துக்கொண்டே.

யார்க்கோ நின்றுகொண்டேதான் இருந்தார்.

"கேட்டுடுச்சு," என்றார். "இன்னொருத்தன் சொல்லிட்டான்."